இராணுவம் அச்சடித்த நோட்டு: பணமா, பறிமுதல் ரசீதா?

#1 செல்லாக்காசு

ஜப்பானியர் காலத்து மலாயா நோட்டைப் பற்றி எங்கே படித்தாலும் "வெறும் காகிதம், முதல் நாளிலிருந்தே மதிப்பில்லை" என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் நாளிலிருந்தே மதிப்பில்லை என்றால் 1942இல் அந்த நோட்டுக்கு ஒரு படி அரிசிகூட யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்தார்கள். அதனால்தான் அந்த ஏற்பாடு அவ்வளவு ஆபத்தானதாக இருந்தது.

சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. நோட்டுகளோ போர் தொடங்கும் முன்பே தயார். மலாயாவுக்கு டாலர், பர்மாவுக்கு ரூபாய், பிலிப்பைன்ஸுக்குப் பெசோ, டச்சு இந்தியாவுக்குக் கில்டர், பசிபிக் தீவுகளுக்குப் பவுண்டு. அந்தந்த ஊரில் ஏற்கெனவே பழகிய பெயர்கள். மலாயா 10 டாலர் தாளில் வாழைமரம், அதன் மேலே "கேட்டவுடன் கொடுப்போம்" என்று ஜப்பானிய அரசின் உறுதிமொழி. எதைக் கொடுப்பார்கள் என்பது மட்டும் இல்லை. பின்னால் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, ஒரு வங்கிகூட இல்லை.

பழைய மலாயா டாலரும் இதுவும் சரிசமம் என்று அறிவித்ததில்தான் சூட்சுமம். அதை நம்பவைத்துவிட்டு இன்னொரு பக்கம் பழைய பணத்தை உறிஞ்சினார்கள். மலாயா, சிங்கப்பூர் சீனர்களிடம் கேட்ட 5 கோடி டாலர் "அன்பளிப்பு" நினைவிருக்கிறதா? மிரட்டிப் பார்த்தும் 2.8 கோடிதான் சேர்ந்தது. மீதி 2.2 கோடியை யோகோஹாமா ஸ்பெஷி வங்கியிடம் அவர்களையே கடன் வாங்கவைத்து, வட்டியும் போட்டார்கள். வாங்குவது நல்ல காசு, கொடுப்பது வாழைமரக் காசு.

என் முடிவு இதுதான். இராணுவ நோட்டு என்பது பணமே அல்ல, பறிமுதல் ரசீது. பொருளை எடுத்துக்கொண்டு, பின்னால் யாரும் பொறுப்பேற்காத ஒரு சீட்டைக் கையில் திணிப்பது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 ஈட்டிமுனை

மாற்றுக் கருத்து இருக்கிறது அண்ணே. ஜப்பானை மட்டும் ஏன் கூண்டில் நிறுத்துகிறீர்கள்? 1943இல் சிசிலியில் இறங்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளும் நேச நாட்டு இராணுவ லிராவைக் கொண்டுதான் போயின. விகிதம் டாலருக்கு 100 லிரா, பவுண்டுக்கு 400. போருக்கு முன் டாலருக்குச் சுமார் 19 லிராதான். ஒரே அறிவிப்பில் அமெரிக்கச் சிப்பாய் பணக்காரனானான், சிசிலிக்காரன் ஏழையானான். இதற்கு என்ன பெயர்?

ஜெர்மனி இன்னும் சாமர்த்தியம். ரைஷ்கிரெடிட்காஸ்ஸன் என்ற இராணுவக் கடன் அலுவலகங்களின் நோட்டுகள் ஆக்கிரமித்த நாட்டில் செல்லும், ஜெர்மனிக்குள் செல்லாது. பிரான்சில் ஒரு மார்க்குக்கு 20 பிராங்க் என்று நிர்ணயித்தார்கள், நியாயமான விலையைவிட வெகு அதிகம். அதோடு ஆக்கிரமிப்புச் செலவு என்று ஒரு நாளைக்கு 40 கோடி பிராங்க் பிரான்சே கட்ட வேண்டும். அவ்வளவு வந்துகொண்டிருக்கும்போது சொந்தமாக நோட்டு அச்சடிக்க அவசியமே இல்லை. பிரான்ஸ் வங்கியின் அச்சகமே இவர்களுக்கு வேலை செய்தது. நோட்டின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது வீண் வேலை, விகிதத்தைப் பாருங்கள்.

#3 செல்லாக்காசு

விகிதம் முக்கியம், சரி. ஆனால் இத்தாலிக்கதையின் பின்பாதியை விட்டுவிட்டீர்களே. சிப்பாய்களின் சம்பளமாக இத்தாலியில் செலவான லிராவுக்கு ஈடாக அமெரிக்கா பின்னர் இத்தாலிக்கு டாலர் வரவு வைத்தது. அந்த நோட்டையும் இத்தாலிய அரசு ஏற்றுக்கொண்டது. மலாயாவில் யார் யாருக்கு என்ன வரவு வைத்தார்கள்?

#4 நடுவாசல்

இரண்டு பேரும் சொல்வது ஒன்றேதான் என்று எனக்குப் படுகிறது. கடைசியில் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு ஆள் நிற்கிறானா இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு ஜப்பானே நல்ல உதாரணம். ரஷ்யாவோடு 1904-05இல் போரிட்டபோது மஞ்சூரியாவில் அவர்கள் வெளியிட்ட இராணுவ நோட்டு வெள்ளிக் கணக்கில் இருந்தது, வெள்ளிக்கு மாற்றியும் கொடுத்தார்கள். ஆகவே இது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1942இல் கை நிறைய நாடுகள், பெட்டியில் வெள்ளி இல்லை.

#5 வழக்காடி

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் தொடவில்லையே. 1907 ஹேக் விதிகள்தான் அடிப்படை. ஆக்கிரமித்த படை அந்தப் பகுதியில் ஒழுங்கைக் காக்க வேண்டும். தன் படைக்கும் நிர்வாகத்துக்கும் தேவையான பணத்தை மக்களிடம் வசூலிக்கலாம். பொருள் எடுத்தால் முடிந்தவரை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரசீது கொடுத்துப் பிறகு தீர்க்க வேண்டும். தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது. சொந்தமாக நோட்டு அச்சடிக்கலாமா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த இடைவெளியில்தான் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 1948இல் ஹா பியா என்பவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சைனா பேங்கிங் கார்ப்பரேஷனில் போருக்கு முன் வாங்கிய கடன். ஜப்பானியர் வந்து வங்கியைக் கலைக்கும் பொறுப்பைத் தங்கள் தரப்பு வங்கியான தைவான் வங்கியிடம் கொடுத்தார்கள். கடன்காரர் தைவான் வங்கியிடம் ஜப்பானிய நோட்டில் கட்டிவிட்டார். போர் முடிந்ததும் பழைய வங்கி "எங்களுக்கு ஒன்றும் வரவில்லை" என்றது. நீதிமன்றம், ஆக்கிரமிப்பாளருக்கு நோட்டு வெளியிட அதிகாரம் உண்டு, கட்டியது கட்டியதுதான், கடன் தீர்ந்தது என்றது.

ரங்கூன் உயர் நீதிமன்றம் 1947இல் நேர் எதிர். தன் அதிகாரத்தை மட்டுமே நம்பி, இருக்கிற நாணயத்துக்கு இணையாக இன்னொரு நாணயத்தை ஓடவிட ஜப்பானியப் படைக்குச் சர்வதேசச் சட்டத்தில் உரிமை இல்லை என்றது. ஒரே போர், ஒரே மாதிரி நோட்டு, தீர்ப்பு இரண்டு.

#6 இராவதி

பர்மாப் பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன்.

பர்மாவின் நோட்டுகளை வரிசையாக அடுக்கினால் அதுவே ஒரு சரித்திரம். 1937இல் இந்தியாவிலிருந்து பிரிந்த பிறகும் நோட்டு அச்சிட்டது இந்திய ரிசர்வ் வங்கிதான், "பர்மாவில் மட்டும் செல்லும்" என்ற வாசகத்தோடு. 1942இல் ஜப்பானிய ரூபாய். 1945இல் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் மறுபடி இந்திய ரிசர்வ் வங்கி நோட்டு, அதன்மேல் பர்மா இராணுவ நிர்வாகம் என்று மேலச்சு. அதுவும் இராணுவ நோட்டுதான், ஆனால் பின்னால் ரிசர்வ் வங்கி நின்றது. ஜப்பானிய ரூபாய் ஈடு எதுவும் இல்லாமல் செல்லாததாகிவிட்டது.

இதில் நம் ஆட்கள் எங்கே என்றால், எல்லா இடத்திலும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்கள் மூழ்கி, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு விளைநிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் பலர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அங்கேயே தங்கியவர்களிடம் கடன்காரர்கள் வந்து நின்றார்கள், கை நிறைய ஜப்பானிய ரூபாயோடு. சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வங்கி 1944 ஏப்ரலில் தொடங்கப்பட்டதும் அதே ரங்கூனில்தான். மக்கள் கொடுத்த நகையும் ரொக்கமும் அங்கே போயின. அந்த ரொக்கத்தில் பெரும்பகுதி எந்த நோட்டாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#7 பெட்டியடி

எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். மலாயாவில் செட்டியார் கடைகளில் ஏஜெண்டாகப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்ப வேண்டியவர்கள். போர் மூண்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 1944 வாக்கில் கடன்காரன் வருவான். பத்து வருடம் இழுத்தடித்தவன் அன்றைக்கு மட்டும் முதல், வட்டி இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். அடமானம் வைத்த கிராண்டை, அதாவது நிலப் பத்திரத்தை, கொடு என்பான். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஜப்பானிய நோட்டை மறுத்தான் என்று ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெய்தாய் காதில் விழுந்தால் அவன் கதி என்ன? கையெழுத்துப் போட்டு, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த நோட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் வந்து, அது செல்லாது என்றது. பெட்டியோடு போச்சு.

அச்சடித்தவன் திருடினான், சரி. ஊரான் பணத்தை வாழைமரத் தாளால் அடைத்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

#8 தண்டவாளம்

பெட்டியடி அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். அடைத்தவன் எல்லாம் திருடனா?

தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கூட்டிப்போனபோது நாளுக்கு ஒரு டாலர் கூலி என்றார்கள். எந்த டாலர்? இதே டாலர்தான். 1942-43இல் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உயிரைக் கொடுத்து வேலை செய்தவனுக்கு, உயிரோடு இருந்தால், அதுதான் கிடைத்தது. அவன் அதை வைத்து ஒரு பழைய கடனை அடைத்தான் என்றால் அவன் ஏமாற்றவில்லை. அவன் கொடுத்தது அவன் வியர்வை. வேறு எந்தக் காசும் அவன் கைக்கு வர வழியே இல்லை. கடன் கொடுத்தவர் நஷ்டப்பட்டார் என்பது உண்மை. கடன்காரன் லாபப்பட்டான் என்பது எல்லா இடத்திலும் உண்மையல்ல. லாபம் கள்ளச் சந்தைக்காரனுக்குப் போனது. அவன்தான் நோட்டை ஒரு இரவுகூடக் கையில் வைக்காமல் நகையாகவும் நிலமாகவும் மாற்றினான்.

#9 பெட்டியடி

ரயில் பாதைக்குப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை தம்பி. கிராண்டை மீட்டவர்களில் அவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலும் நிலபுலன் உள்ளவர்கள்தான் அடமானம் வைப்பார்கள். அவர்களைத்தான் கேட்கிறேன்.

#10 வழக்காடி

இந்தச் சண்டையை மலாயா அரசாங்கமே போட்டுப் பார்த்துவிட்டது. அதன் விளைவுதான் 1948இன் ஆக்கிரமிப்புக் காலக் கடன் சட்டம். நோட்டு செல்லாது என்று அறிவித்தால் மட்டும் போதாது, அது செல்லுபடியாக இருந்த மூன்றரை வருடத்தில் நடந்த கொடுக்கல் வாங்கலை என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய தலைவலி. எல்லாவற்றையும் ரத்து செய்தால் நேர்மையாகக் கட்டியவன் இரண்டாம் முறை கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் கடன் கொடுத்தவன் தெருவில் நிற்பான்.

அதனால் ஒரு மதிப்பிறக்க அட்டவணை போட்டார்கள். இன்ன தேதியில் ஜப்பானிய டாலர் இவ்வளவு மலாயா டாலருக்குச் சமம் என்று, ஆரம்பத்தில் சரிசமமாகத் தொடங்கி 1945 ஆகஸ்டில் தரையைத் தொடும் அட்டவணை. பொதுவாகச் சொன்னால், ஆரம்ப காலத்தில் கட்டியது முழுசாகக் கட்டியதாகக் கணக்கு. பிற்காலத்தில் கட்டிய பெரிய தொகைகளுக்கு அட்டவணை விலைதான். பிலிப்பைன்ஸிலும் பாலன்டைன் அட்டவணை என்று இதேபோல ஒன்று உண்டு.

தார்மீகக் கேள்விக்கு இது பதில் இல்லை, தெரியும். ஆனால் செல்லாக்காசு ஐயாவின் முதல் பதிவுக்கு இது பதில். முதல் நாளிலிருந்தே வெறும் காகிதம் என்றால் அட்டவணைக்கே தேவை இருந்திருக்காது.

#11 செல்லாக்காசு

அதைத்தானே நானும் முதல் பதிவில் சொன்னேன் வக்கீல் சார்! மதிப்பு இருந்தது, அதனால்தான் பறிக்க முடிந்தது.

அந்த இறக்கம் நோட்டிலேயே தெரியும். சேகரிப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். தொடக்கத்தில் வந்த தாள்களில் வரிசை எண் இருக்கும், அச்சும் கச்சிதமாக இருக்கும். போகப்போக எண்ணே கிடையாது, எழுத்துக் குறி மட்டும். வரிசை எண் இல்லாத நோட்டு என்றால் எத்தனை அடித்தோம் என்று அடித்தவனே எண்ணவில்லை என்று அர்த்தம். கடைசியில் 1000 டாலர் தாள் வந்தது, முகப்பில் மாட்டு வண்டி. அது மக்கள் கைக்கு வந்த நேரத்தில் போரே முடிந்துகொண்டிருந்தது.

#12 கள்ளநோட்டு

என் புனைபெயருக்கு ஏற்ற விஷயம் வருகிறது, விடுவேனா!

பிலிப்பைன்ஸுக்கான ஜப்பானிய பெசோவை அமெரிக்கர்களே கள்ளமாக அச்சடித்தார்கள். அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் கட்டளைப் பிரிவு கேட்டு, காகிதம் முதல் பார்த்துப் பார்த்துச் செய்து, கெரில்லாக்களுக்கும் உளவாளிகளுக்கும் அனுப்பினார்கள். ஆக அங்கே புழங்கிய கள்ளநோட்டு ஒரு அரசின் கள்ளநோட்டு, அசலோ ஈடு இல்லாத நோட்டு. எது ஒசத்தி என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கெரில்லாக்கள் தனியாகவும் அவசர நோட்டு வெளியிட்டார்கள். கிடைத்த மை, கிடைத்த காகிதம், பார்க்கவே பரிதாபமாக இருக்கும். கையில் வைத்திருந்தால் ஜப்பானியன் தலையை எடுப்பான். ஆனாலும் மக்கள் ஒளித்துவைத்தார்கள், போருக்குப் பின் அவற்றில் ஒரு பகுதிக்கு உண்மையாகவே பணம் கிடைத்தது. பளபளப்பான ஜப்பானிய பெசோவுக்கு அங்கே மிக்கி மவுஸ் பணம் என்று பெயர்.

ஒரு எச்சரிக்கை. "கூட்டுச் செழிப்பு வட்டாரம்: இதன் மதிப்பு என்ன?" என்று (ஜப்பான் தன் ஆசிய ஆதிக்கத்துக்கு வைத்துக்கொண்ட பெயரைக் கேலி செய்து) ஆங்கிலத்தில் மேலச்சு உள்ள பெசோ நோட்டுகள் இணையத்தில் நிறைய விற்பனைக்கு வருகின்றன. போர்க்காலப் பிரச்சாரத்துக்காக அமெரிக்கத் தரப்பு அடித்தது உண்மைதான். சாதாரண பெசோ நோட்டு மலிவாகக் கிடைப்பதால் அதன்மேல் புதிதாக ரப்பர் முத்திரை குத்தி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மை காகிதத்தில் ஊறியிருக்கும் விதத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

#13 நடுவாசல்

நோட்டை அச்சடிக்கும் தகட்டையே இன்னொருவர் கையில் கொடுத்த கதை தெரியுமா? ஜெர்மனிக்கான நேச நாட்டு இராணுவ மார்க்கின் தகடுகளை 1944இல் அமெரிக்கா சோவியத் யூனியனுக்குக் கொடுத்தது. சோவியத் அச்சில் வரிசை எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெர்லினில் செம்படை வீரர்களுக்கு நிலுவைச் சம்பளம் எல்லாம் இந்த மார்க்கில் வந்தது. அதை ஊருக்குக் கொண்டுபோய் ரூபிளாக மாற்ற வழியில்லை. அங்கேயே செலவழிக்க வேண்டும். அமெரிக்கச் சிப்பாய் கையில் கடிகாரம், சிகரெட். விற்று மார்க் வாங்கினான். பத்து மார்க்குக்கு ஒரு டாலர் என்று அமெரிக்க இராணுவமே மாற்றி அவன் வீட்டுக்கு அனுப்பியது. கொடுத்த சம்பளத்தைவிட வீட்டுக்குப் போன டாலர் அதிகமான பிறகுதான் கணக்குப் பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். அதாவது ரஷ்யா அச்சடித்த நோட்டுக்கு அமெரிக்க வரிதாரர் டாலர் கொடுத்தார். ஆக்கிரமித்தவனே ஏமாந்த ஒரே இராணுவ நோட்டு இதுவாகத்தான் இருக்கும்.

அதன் பிறகுதான் 1946 செப்டம்பரில் இராணுவச் சம்பளச் சான்றிதழ் என்ற தனிச் சீட்டு வந்தது, முகாமுக்குள் மட்டும் செல்லுவது. வியட்நாம் வரை ஓடியது. முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் முகாம் வாசலை மூடி, பழைய சீட்டை வாங்கிக்கொண்டு புதிய சீட்டைக் கொடுப்பார்கள். வெளியே வைத்திருந்த உள்ளூர் வியாபாரிக்கு? அவனுக்கு அன்றைக்கே சங்கு.

#14 இராவதி

பிரான்சில் 1944இல் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்மண்டியில் இறங்கிய படை கொண்டுவந்த பிராங்க் நோட்டுகளைப் பிரெஞ்சுத் தலைவர் டி கோல் கள்ளப்பணம் என்றே சொன்னார். அவருக்கு விகிதம் பற்றிய கவலை இல்லை, "பிரான்சில் நோட்டு வெளியிட நீ யார்?" என்பதுதான் கேள்வி. பிறகு அவர் அரசே அதன் பொறுப்பை ஏற்றது. யார் பெயர் என்பது வீண் என்று ஈட்டிமுனை சொன்னாரே, டி கோலுக்கு அதுதான் எல்லாமுமாக இருந்தது.

#15 முத்துக்குளிப்பான்

ஹாங்காங் பற்றி ஒருவரும் பேசவில்லை. அங்கே சரிசமம் என்ற நாடகம்கூட இல்லை. முதலில் 2 ஹாங்காங் டாலருக்கு ஒரு இராணுவ யென், 1942இலேயே 4 டாலருக்கு ஒரு யென், 1943 ஜூனில் ஹாங்காங் டாலரை வைத்திருப்பதே குற்றம். சேமிப்பு முழுவதையும் மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். 1945 செப்டம்பர் 6 அன்று ஜப்பானிய நிதி அமைச்சகம் இராணுவ யென் செல்லாது என்று அறிவித்தது.

நோட்டைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்கள் 1993இல் டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். 1999 ஜூனில் தீர்ப்பு: துன்பப்பட்டது உண்மை, ஈடு கொடுக்கச் சட்டம் இல்லை. 1951 சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் நேச நாடுகள் தங்கள் மக்களின் கோரிக்கைகளையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டன என்பது ஜப்பான் தரப்பின் வழக்கமான வாதம். பர்மா, பிலிப்பைன்ஸ் அரசுகள் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு இழப்பீடு வாங்கின. சிங்கப்பூருக்கு 5 கோடி டாலர் என்று 1966இல் முடிவானது, பாதி மானியம், பாதி கடன். எதுவும் நோட்டு வைத்திருந்தவன் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

#16 ஈட்டிமுனை

இதன் உச்சம் ஜப்பானுக்குள்ளேயே நடந்தது. 1945 செப்டம்பர் 2, சரணாகதிக் கையெழுத்து முடிந்த அதே நாள், மெக்கார்தர் தரப்பு சில அறிவிப்புகளை வெளியிடத் தயாராக இருந்தது. அமெரிக்க இராணுவ யென்னைச் சட்டப்படியான பணமாக்குவது அதில் ஒன்று. மறுநாளே வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சு நேரில் போய் மன்றாடி அதை நிறுத்தவைத்தார். ஜப்பானின் முக்கியத் தீவுகளில் பேங்க் ஆஃப் ஜப்பான் நோட்டே நீடித்தது. மூன்றரை வருடம் ஆசியா முழுவதும் இராணுவ நோட்டு ஓட்டியவர்கள், அது தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரே நாளில் ஆபத்தைப் புரிந்துகொண்டார்கள்.

தெற்கே இருக்கும் ஒகினாவா தீவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1948 முதல் 1958 வரை அங்கே பி-யென் என்ற அமெரிக்க இராணுவ நோட்டு மட்டும்தான் பணம். 1950இல் டாலருக்கு 120 பி-யென் என்று நிர்ணயித்தார்கள், முக்கியத் தீவுகளிலோ டாலருக்கு 360 யென். இறக்குமதி மலிவு, தளம் கட்டும் வேலைக்கு வசதி, உள்ளூர் உற்பத்திக்கு அடி. 1958 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு நேரடியாக டாலரையே புழங்கவிட்டார்கள்.

#17 செல்லாக்காசு

ஷிகெமிட்சு தடுத்தார், சரி. தடுத்த பிறகு அமெரிக்கப் படையின் செலவை யார் கொடுத்தது?

#18 ஈட்டிமுனை

ஜப்பானிய அரசுதான். போர் முடிவுச் செலவு என்ற பெயரில் பட்ஜெட்டில் பெரிய பங்கு அதற்கே போனது. அரசிடம் பணம் இல்லை, பேங்க் ஆஃப் ஜப்பான் அச்சடித்தது, விலைவாசி ஏறியது. நோட்டில் இருந்தது சொந்த வங்கியின் பெயர். மற்றதெல்லாம் பிரான்ஸ் கதைதான்.

#19 வழக்காடி

ஆனால் அந்த யென் கணக்கை, 1952இல் ஆக்கிரமிப்பு முடிந்த பிறகும் யாரும் செல்லாது என்று சொல்லவில்லை, கவனியுங்கள். விலை ஏறினாலும் சம்பளமும் கடனும் பத்திரமும் அதே கணக்கில் தொடர்ந்தன, அட்டவணை போட்டுப் பிரிக்க வேண்டிய வழக்கு ஒன்றும் வரவில்லை. பெட்டியடி அண்ணன் சொன்ன ஏஜெண்டுகளுக்கு அது கிடைத்திருந்தால் பாதிப் பெட்டியாவது மிஞ்சியிருக்கும்.

#20 பெட்டியடி

பாதி எதற்கு, கிராண்டைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தாலே போதும் வக்கீல் சார்.